எலினோர் மார்க்ஸ்: முகப்பில் இல்லாத பெயர்

ஆண்டுதோறும் மேதினத்தன்று எமது நகரங்களின் வீதிகளிலே தொழிலாளர் ஊர்வலம் செல்லும்போது, தாடி வளர்த்த பெரியார் இருவரின் படங்கள் உயரத் தூக்கிச் செல்லப்படுவதை நாம் கண்டு பழகிவிட்டோம். அப்படங்களின் அருகே ஒரு பெண்ணின் முகத்தை நாம் கண்டதில்லை. இலண்டன் மாநகரின் முதலாவது மேதினக் கூட்டம் 1890ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஹைட் பூங்காவில் நடைபெற்றது. எட்டு மணி நேர வேலைநாளைச் சட்டமாக்குதல் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர் என்று அங்கிருந்தோர் கணித்தனர். அறுபத்தொன்பது வயது நிரம்பிய எங்கெல்ஸ் பழைய பாரவண்டி ஒன்றின்மீது ஏறி நின்று அக்காட்சியைக் கண்டு களித்தார். அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதற்காகச் சங்கம் சங்கமாக அலைந்து, வாரக்கணக்காக உழைத்து, அன்று மேடையேறிப் பேசியவர்களுள் ஒருவர் முப்பத்தைந்து வயதுப் பெண். எலினோர் என்பது அவர் பெயர். கார்ல் மார்க்சின் கடைசி மகள்.

மார்க்சின் மகள் என்று கூறியவுடனேயே அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. தந்தையின் கையெழுத்துப் பிரதிகளைக் காத்தவர், தவறான ஒருவனை நம்பிக் கெட்டவர், இளமையில் மாண்டவர் என்று மூன்று வாக்கியங்களில் அவர் வாழ்வை முடித்துவிடுவோர் உளர். இடதுசாரி நூல்களிலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர் செய்தது உழைப்பு. அதுவும் பெரும்பாலும் ஊதியமின்றியும் நூலின் முகப்பிலே பெயரின்றியும் செய்யப்பட்ட உழைப்பு. உழைப்பின் மதிப்பை உலகுக்குக் கணக்கிட்டுக் காட்டிய இல்லத்திலேயே ஒரு பெண்ணின் உழைப்பு எவ்வாறு கணக்கிற் சேராது போயிற்று என்பதை நோக்குவது மார்க்சைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் கற்றுத்தந்த கண்கொண்டே அவருடைய வீட்டையும் பார்ப்பதாகும் என்றே நாம் கருதுகின்றோம்.

எலினோர் 1855ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இலண்டனின் சோஹோ பகுதியிலே, டீன் வீதியிலுள்ள ஓர் இரண்டறைக் குடியிருப்பிற் பிறந்தார். மறுநாள் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திலே, பிறந்தது பெண்ணாய்ப் போயிற்றே, ஆணாயிருப்பின் நன்றாயிருக்குமே என்னும் பொருள்பட மார்க்ஸ் குறிப்பிட்டார். கேலி கலந்த வார்த்தைதான். ஆயினும் வார்த்தை வார்த்தையே. அக்குடும்பம் அதற்கு முன்னரே இரு குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தது. எலினோர் பிறந்து மூன்று மாதம் நிறையுமுன்னரே, ஏப்ரில் 6ஆம் நாள், எட்டு வயதான ஒரே மகன் எட்கார் தந்தையின் கைகளிலே உயிர் துறந்தான். அவ்விழப்பிலிருந்து மார்க்ஸ் முழுவதும் மீண்டாரல்லர். எஞ்சியவை மூன்று பெண்கள்: ஜெனி, லோரா, எலினோர். மகனுக்கென வைத்திருந்த அன்பு முழுவதும் கடைக்குட்டியின்மேற் பொழியப்பட்டது என்று கூறுதல் மிகையாகாது. ஜெனி என்னைப் போன்றவள், எலினோரோ நானேதான் என்று மார்க்ஸ் கூறுவதுண்டாம்.

வறுமை மலிந்த அவ்வீட்டிலே கதைக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஹான்ஸ் றொக்கிள் என்னும் மந்திரப் பொம்மைக் கடைக்காரன் ஒருவனைப் பற்றிய முடிவில்லாத கதையை மார்க்ஸ் மகளுக்கு மாதக்கணக்காகச் சொல்லிவந்தார். அந்தக் கடைக்காரன் பிசாசுக்கும் இறைச்சிக் கடைக்காரனுக்கும் கடன்பட்டவன். ஆகவே தன் அழகிய பொம்மைகளையெல்லாம் ஒவ்வொன்றாக விற்கவேண்டியவன். விற்ற பொம்மைகளோ பல அற்புதங்களின் பின் அவன் கடைக்கே திரும்பிவிடும். வீட்டுத் தளபாடங்களை அடகுக் கடைக்கு அனுப்பி அனுப்பி மீட்ட ஒரு தந்தை இக்கதையைச் சொன்னார் என்பதை நினைக்கையில் எமக்கு நெஞ்சு கனக்கின்றது. ஷேக்ஸ்பியரை அவ்வீட்டார் வேதம்போற் போற்றினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆபிரகாம் லிங்கனுக்குத் தன் ஆலோசனை இன்றியமையாதது என்று நம்பிய சிறுமி எலினோர் அவருக்கு நீண்ட கடிதங்கள் எழுதித் தபாலிற் சேர்க்கும்படி தந்தையிடம் கொடுப்பார். தந்தை அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, அவர் வளர்ந்தபின் காட்டினார். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. அகிலத்தின் தலைவர்கள் வந்துபோன வீடே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1871இல் பாரிஸ் கொம்யூன் இரத்த வெள்ளத்தில் அமிழ்த்தப்பட்டபோது எலினோருக்கு வயது பதினாறு. அவ்வாண்டு பிரான்சின் தெற்கே இருந்த லோராவைக் காண ஜெனியுடன் சென்றிருந்த அவரைப் பொலீசார் தடுத்து வைத்து விசாரித்தனர். பெயர் ஒன்றே குற்றம். இலண்டனுக்குத் திரும்பியபோது வீடு கொம்யூன் அகதிகளால் நிறைந்திருந்தது. அவர்களுள் ஒருவர் லிசகறே. தெருத்தடுப்பு அரண்களிற் கடைசிவரை நின்று போரிட்டவர். எலினோரிலும் பதினேழு வயது மூத்தவர். இருவரும் 1872இல் மணவுறுதி செய்துகொண்டனர். மார்க்ஸ் இதனை விரும்பவில்லை. லிசகறேயின் குணத்திற் குறை கண்டார். மகள் அவரைச் சந்திப்பதைத் தடுத்தார். 1874இல், லிசகறேயை இனியேனும் காணலாமா என்று தந்தைக்கு எலினோர் எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. ஒரே வீட்டில் வாழ்ந்த மகள் இதனைக் கடிதமாக எழுத நேர்ந்தது என்பதை வாசகர் கவனிக்க.

இதற்கிடையே 1873இல் அவர் பிறைற்றன் நகருக்குச் சென்று ஒரு பாடசாலையிலே கற்பித்துத் தம் சோற்றைத் தாமே தேடிக்கொள்ள முயன்றார். அப்போது வயது பதினெட்டு. சில மாதங்களில் உடல் நலிந்தது, தாய் வந்தார், மகள் வீடு திரும்பினார். பின்னர் நடந்தவற்றைச் சுருங்கக் கூறின்: பிரித்தானிய நூதனசாலையின் வாசகசாலையிற் பிறருக்காகப் பழைய நூல்களைப் படியெடுத்தார், தந்தையின் கடிதங்களுக்குப் பதில் எழுதினார், நோயுற்ற தாயைப் பேணினார், தந்தையுடன் மருந்து நீரூற்று ஊர்களுக்குச் சென்றார். நடிகையாகவேண்டும் என்பது அவர் ஆசை. 1882இன் தொடக்கத்தில், உண்ணவும் உறங்கவும் இயலாதிருந்த காலத்திலே, தந்தையும் வைத்தியரும் விளங்கிக்கொள்ளாதது ஒன்றுண்டு, தன்னை வாட்டுவது உடல் நோயன்று, மனக்கவலையே என்று அக்காள் ஜெனிக்கு எழுதினார். ஏதேனும் செய்யும் காலத்தைச் செய்யாமற் கழிக்கின்றேனே என்பதுதான் அக்கவலையின் சாரம். லிசகறேயுடனான உறுதியும் அவ்வாண்டிலேயே முடிவுற்றது. லிசகறே எழுதிய கொம்யூன் வரலாற்றை எலினோர் ஆங்கிலத்திலே பெயர்த்திருந்தார். அது 1886இல் அச்சாயிற்று. காதல் முறிந்து நான்கு ஆண்டுகளின் பின்னரும் அந்நூலை வெளியிட்ட நேர்மையை நாம் மதிக்கின்றோம்.

மார்க்ஸ் கொடியவரல்லர். மகள்மீது அளவிறந்த பாசமுடைய தந்தை. பாசமுடைய தந்தையர் செய்வதையே அவரும் செய்தார். எமது ஊர்களிலே படித்த, முற்போக்கு மேடைகளிற் பேசுகின்ற தந்தையர் பலர் மகளுடைய திருமணப் பேச்சு எழுந்தவுடன் வேறு மனிதராய் மாறிவிடுவதை நாம் அறியாதவர்களல்லேம். தானும் மனைவியும் பட்ட வறுமையை மகள் படலாகாது என்பது மார்க்சின் அச்சம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் தீர்ப்பு மகளுடையதாக இருந்திருக்கவேண்டும்.

சாவுகள் தொடர்ந்து வந்தன. 1881 டிசெம்பரில் தாய் மறைந்தார். 1883 ஜனவரி 11ஆம் நாள் அக்காள் ஜெனி, முப்பத்தெட்டு வயதில், பிரான்சிலே காலமானார். அச்செய்தியை வைற் தீவிலே தங்கியிருந்த தந்தைக்குச் சொல்லும் கடமை எலினோருக்கு வாய்த்தது. தந்தைக்கு மரண தண்டனையை எடுத்துச் செல்வதுபோலத் தாம் உணர்ந்ததாக அவர் பின்னர் எழுதினார். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 14ஆம் நாள், மார்க்சும் மறைந்தார்.

1884ஆம் ஆண்டு எலினோர் எட்வேட் அவெலிங் என்பவருடன் சேர்ந்து வாழத் தொடங்கினார். அவெலிங் விஞ்ஞானப் பட்டதாரி, டார்வினின் கொள்கையை எளிய மக்களுக்கு விளக்கியவர், நாவன்மை மிக்கவர். பிற்காலத்தில் அடையாற்றிலிருந்து தமிழ்நாட்டார் நன்கறிந்த அன்னி பெசன்ற் அம்மையார் நாத்திகராயிருந்த காலத்தில் அவெலிங்கிடம் விஞ்ஞானம் பயின்றவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. அவெலிங்குக்குச் சட்டப்படி மணமான மனைவி ஒருவர் உயிருடன் இருந்தார். ஆகவே எலினோரை அவர் மணக்க இயலவில்லை. விக்டோறியா காலத்து இங்கிலாந்திலே இது எத்துணைப் பெரிய துணிவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எலினோர் எதனையும் மறைக்கவில்லை. நண்பர்க்கெல்லாம் கடிதம் எழுதி, இன்ன முடிவு செய்துள்ளேன், என்னைக் காண வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என அறிவித்தார். அவெலிங் கடன் வாங்குவதிலும் அதனை மறப்பதிலும் பெயர்பெற்றவர். தென்னாபிரிக்க எழுத்தாளர் ஒலிவ் ஷ்றைனர் எலினோரின் உற்ற தோழி. அவெலிங்கைக் கண்டமாத்திரத்தே தமக்கு அச்சமும் அருவருப்பும் தோன்றின என்று அவர் எழுதிவைத்தார். பெண்ணின் கண்ணுக்கு இது தெரிந்தது. இயக்கத்தின் ஆண் தோழர் பலரோ அவெலிங்கின் கடன்களைப் பற்றித்தான் முறையிட்டனர்.

ஆயினும் அடுத்த பத்தாண்டுகளின் வேலை வியக்கத்தக்கது. 1886ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜனவரியிலே தம் வீட்டில் இப்சனின் பொம்மை வீடு நாடகத்தை நண்பர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தார். நோறாவாக வாசித்தவர் எலினோர். கணவனாக வாசித்தவர் அவெலிங். கடன் கொடுத்து மிரட்டும் குறொக்ஸ்ராட்டாக வாசித்தவர் அந்நாளிற் பெரும்புகழ் பெற்றிராத பேர்ணாட் ஷா. அவ்வாண்டிலேயே பிளோபேரின் மடம் பொவாரி நாவலை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். அச்சேறிய முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு அதுவே. பெண் பிரச்சினை பற்றி அவெலிங்கும் அவரும் சேர்ந்தெழுதிய கட்டுரையும் அவ்வாண்டினது. பெபெலின் நூலை ஒட்டி எழுந்த அக்கட்டுரை, பெண்ணின் அடிமைத்தனத்துக்கு அடிப்படை பொருளாதாரமே என்றும், தொழிலாளர் விடுதலை தொழிலாளராலேயே கிட்டுவதுபோலப் பெண்ணின் விடுதலையும் பெண்களிடமிருந்தே வரவேண்டும் என்றும் வாதிட்டது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசினார். சிக்காகோவின் ஹேமார்க்கற் வழக்கிலே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டோருக்காக அந்நகரிலேயே நின்று குரல் எழுப்பினார். பின்னர் இப்சனை மூலத்திலேயே படிப்பதற்காக நோர்வே மொழியைக் கற்று, அவருடைய நாடகங்கள் இரண்டை மொழிபெயர்த்தார்.

பொவாரியின் முடிவையும் எலினோரின் முடிவையும் ஒப்புநோக்கி இரங்குவது வாழ்க்கை வரலாறு எழுதுவோர்க்கு ஒரு பழக்கமாகிவிட்டது. எமக்கு அதில் உடன்பாடில்லை. எம்மா பொவாரிக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை என்பதே அந்நாவலின் உட்கிடை. எலினோருக்கோ வேலை தோளை அழுத்துமளவுக்கு இருந்தது.

1887 ஜனவரியில் மூலதனம் முதற் பாகத்தின் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. முகப்பிலே மொழிபெயர்ப்பாளராக இருவர் பெயர் உள்ளன: சாமுவேல் மூர், எட்வேட் அவெலிங். பதிப்பாசிரியர் எங்கெல்ஸ். மார்க்ஸ் தம் நூலில் ஆங்கில அரசாங்க அறிக்கைகளிலிருந்தும் ஆங்கில ஆசிரியர்களிடமிருந்தும் ஏராளமான மேற்கோள்களை எடுத்து ஜேர்மன் மொழியில் அமைத்திருந்தார். அவற்றை மீண்டும் ஜேர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தால் மூல வாசகம் சிதையும். ஆகவே நூதனசாலையில் அமர்ந்து, அவ்வளவு மேற்கோளையும் மூலத்திலே தேடிப் பிடித்து, ஒப்புநோக்கிச் சீர்செய்தவர் எலினோர். ஆலைப் பரிசோதகர் அறிக்கையொன்றிலே ஒரு பக்கத்தைத் தேடுவது எத்தகைய வேலை என்பதை ஆராய்ச்சி செய்தோர் அறிவர். எங்கெல்ஸ் முன்னுரையில் இதனை நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். முன்னுரையோடு அது நின்றது. அந்நூலின் ஆங்கில வாசகர் ஒவ்வொருவரும் அவர் கைபட்ட பக்கங்களைப் படித்திருக்கின்றனர். அவர் பெயரைப் பார்த்தோர் சிலரே.

இனி, 1889. அவ்வாண்டின் வரலாற்றிலே சற்றுத் தங்கிச் செல்ல விரும்புகின்றோம். எலினோர் தம் பெயருக்குரியவராக நின்ற ஆண்டு அதுவே என்பது எமது எண்ணம்.

அக்காலத்து இலண்டனின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்தன. நிலக்கரியை மூடிய உலைகளில் இட்டுச் சூடேற்றி வாயுவைப் பிரிக்கும் ஆலைகள் கிழக்கு இலண்டனில் இருந்தன. உலைக்கு நிலக்கரி தள்ளுவோர் பன்னிரண்டு மணி நேர முறையில், அனலின் முன்னே நின்று உழைத்தனர். இவர்கள் தொழில் பயிலாத கூலிகள் எனக் கருதப்பட்டமையால், கைத்தொழில் வல்லுநரின் பழைய சங்கங்கள் இவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1889 மார்ச் 31ஆம் நாள் இவர்கள் ஒரு திறந்தவெளிக் கூட்டத்திலே தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தலைமை தாங்கி நின்றவர் பெக்ரன் ஆலைத் தொழிலாளி வில் தோர்ண். ஆறு வயதிலே கயிறு திரிக்கும் கொட்டிலில் சக்கரம் சுற்றப் போனவர். வேலை தேடிப் பேமிங்ஹாமிலிருந்து இலண்டனுக்கு நடந்தே வந்தவர். தம் திருமணப் பதிவேட்டிற் பெயரெழுத இயலாது குறியிட்டவர். சில மாதங்களுக்குள் இச்சங்கம் வேலைநிறுத்தம் இன்றியே பெருநிறுவனங்களிடமிருந்து எட்டு மணி நேர முறையைப் பெற்றது.

சங்கம் வளர்ந்தது, செயலாளருக்கோ எழுத்து வசப்படவில்லை. கணக்குப் புத்தகம், அறிக்கை, விதிக்கோவை, பத்திரிகைக்குக் கடிதம், கம்பனிக்குக் கோரிக்கை எல்லாம் எழுதவேண்டும். எலினோர் தோர்ணுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார். சங்கத்தின் விதிகளை ஆக்குவதிலும் கணக்குகளைச் சீர்செய்வதிலும் துணைநின்றார். ஆசிரியத் தொழில் புரியும் எம்போன்றோர் இவ்விடத்திலே சற்று நிற்பது இயல்பு. தன்னிலும் இரண்டு வயதே இளையவரான, உலைச் சூட்டிலே கை காய்த்துப்போன ஒருவருக்குக் கூச்சமும் மனத்தாழ்வும் தோன்றாதவாறு அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எளிதன்று. வளர்ந்தோர் வகுப்பு நடத்திப் பார்த்தவர்க்கு இது விளங்கும். அந்த மாணவர் 1906இல் வெஸ்ற் ஹாம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1945வரை அப்பதவியில் இருந்தார். அச்சங்கமே பெயர் மாறிப் பெருகி இன்று பிரித்தானியாவின் பெருந் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக நிலைத்திருக்கின்றது.

அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். எமது மலையகத்திலே தமிழ்த் தொழிலாளர் கொய்த கொழுந்து பெட்டிகளாக இறங்கிய துறைமுகம் அது. ஒரு முனையிற் கொழுந்து பறித்தவரும் மறு முனையிற் பெட்டி சுமந்தவரும் ஒருவரையொருவர் அறியார். இருவரின் முதுகும் ஒரே வாணிபத்துக்கு வளைந்தன. எலினோர் வேலைநிறுத்தக் குழுவின் அலுவலகத்திலே, பொப்ளர் பகுதி மதுச்சாலை ஒன்றின் அறையில், இரவு பகலாகக் கடிதம் எழுதியும் கணக்குப் பார்த்தும் உழைத்தார். அவுஸ்திரேலியத் தொழிலாளர் மட்டும் ஏறத்தாழ 30,000 பவுண் அனுப்பினர். ஐந்து வாரங்களில் அந்த ஆறு பென்ஸ் கிடைத்தது.

வெற்றிகளைப் பற்றியே எழுதும் வழக்கம் எமது பத்திரிகைகளுக்கு உண்டு. தோல்வியில் முடிந்த சில்வர்ரவுண் வேலைநிறுத்தத்தையும் சொல்லவேண்டும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு இறப்பரும், மலாய்க் காடுகளிலிருந்து வந்த கட்டாபேர்ச்சாப் பிசினும் உறையிட்ட பெரும் ஆலை அது. அங்கு ஆண்களும் பெண்களும் ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம் வெளியே நின்றனர். எலினோர் நாள்தோறும் நகரின் மறுபுறத்திலிருந்து அங்கு சென்றார். பெண்களுக்கென வாயுத் தொழிலாளர் சங்கத்தின் கிளையொன்றை அமைத்து, அதன் செயலாளராகத் தாமே பொறுப்பேற்றார். சங்கத்தின் முதற் பெண்கள் கிளை அது. கைத்தொழில் வல்லுநர் சங்கம் தன் உறுப்பினரை வேலைநிறுத்தத்திற் சேர்க்க மறுத்தது. பசி வென்றது; தொழிலாளர் தோற்றுத் திரும்பினர். தோல்விக்குப் பின் கிளை கலைந்துவிடவில்லை என்பதே முக்கியம். அடுத்த ஆண்டுச் சங்க மாநாட்டிலே எலினோர் நிர்வாகக் குழுவுக்குத் தெரிவானார். அங்கே அவரைத் தெரிவு செய்தவர்கள் மூலதனத்தைப் படித்தவர்களல்லர். மார்க்ஸ் யார் என்பதே அவர்களுட் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எந்தத் தந்தையின் மகள் என்பதற்காகவன்றி, தம் கிளைக்கு மழையிலும் வந்த பெண் என்பதற்காகக் கிடைத்த வாக்குகள் அவை.

கிழக்கு இலண்டனிலே வியர்வைக் கூடங்களில் தையல் வேலை செய்த யூத அகதிகளிடமும் அவர் சென்றார். மார்க்ஸ் குடும்பம் மார்க்சின் குழந்தைப் பருவத்திலேயே கிறித்தவத்துக்கு மாறிவிட்டிருந்தது. எலினோரோ தாம் யூதப் பெண் என்று மேடைகளிற் கூறினார். இத்திஷ் மொழியையும் கற்கத் தொடங்கினார். சர்வதேசத் தொழிலாளர் மாநாடுகளில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளுக்கிடையே நாள் முழுதும் வாய்மொழிபெயர்ப்புச் செய்ததும் அவரே. மாநாட்டு அறிக்கைகளிற் பேசியவர் பெயர்கள் பெரிதாக இருக்கும். பெயர்த்தவர் பெயர் ஒரு மூலையில் இருக்கும்.

இனிச் சொல்வது கசப்பானது. அவ்வீட்டில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சமைத்து, துவைத்து, அடகுக் கடைக்கும் சென்று வந்தவர் ஹெலன் டெமுத். அவர் 1851இல் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். பிறெடெறிக் என்று பெயரிடப்பட்ட அக்குழந்தை வேறு குடும்பத்தில் வளர்க்கப்பட்டது. எங்கெல்சே தந்தை என நண்பர்கள் எண்ணினர்; எங்கெல்சும் அவ்வாறே எண்ணவிட்டார். 1895 ஓகஸ்றில், தொண்டைப் புற்றுநோயாற் பேச்சிழந்து மரணப்படுக்கையிற் கிடந்த எங்கெல்ஸ், தந்தை மார்க்சே என்பதை எழுதிக் காட்டினார் என்று அவர் வீட்டைப் பராமரித்த பெண்மணி பிற்காலக் கடிதமொன்றிற் கூறினார். இதனை மறுப்போர் சிலர் இருப்பினும், ஆய்வாளர் பெரும்பான்மையோர் ஏற்றுள்ளனர். அச்செய்தி எலினோரைத் தாக்கியது. பிறெடி என்னும் அந்த மனிதர் அப்போது நாற்பத்து நான்கு வயதான இயந்திரத் தொழிலாளி. பொறியியலாளர் சங்கத்தின் உறுப்பினர். தாயைக் காண அவ்வீட்டின் சமையலறைக்கு வந்துபோனவர். எலினோர் அவரிடம் சமையலறைக்கு வெளியிலேயும் உறவு பாராட்டினார். துயரில் நம்பத்தக்கவராக அவரையே நாடினார். அவெலிங்கைப் பற்றி வேறெவர்க்கும் சொல்லாதவற்றை 1897-98இல் பிறெடிக்கு எழுதிய கடிதங்களிலே சொன்னார்.

சொல்லவேண்டியவை நிறைய இருந்தன. அவெலிங்கின் சட்டப்படியான மனைவி 1892இலேயே இறந்துவிட்டார். எலினோரை மணப்பதற்கு அதன்பின் தடையேதும் இல்லை. 1897 ஜூன் 8ஆம் நாள் அவெலிங் மணம் செய்தார். தம் நாடகப் புனைபெயரிலே, எவருக்கும் தெரியாமல், வேறொரு இளம் நடிகையை. பின்னர் எலினோரிடமே திரும்பி வந்தார். எங்கெல்ஸ் விட்டுச்சென்ற பணத்தில் எலினோர் சிடென்ஹாம் பகுதியில் வாங்கிய வீட்டிலே இருந்தார், நோயுற்றார், எலினோர் பராமரித்தார். அதே மாதங்களில், எட்டு மணி நேரம் கேட்டதற்காகக் கதவடைப்புக்கு உள்ளான பொறியியல் தொழிலாளருக்காக உதவி திரட்டினார். தந்தையின் கட்டுரைகளைப் பதிப்பித்தார். 1898 மார்ச் 31ஆம் நாள் காலை அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. வாயுத் தொழிலாளர் சங்கம் பிறந்து அன்று சரியாக ஒன்பது ஆண்டு.

இச்சாவுக்கு அவெலிங் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. பேர்ண்ஸ்டைன் முதலானோர் அவ்வாண்டிலேயே வெளிப்படையாகச் சாட்டினர். நாமும் அதனை மறுக்கவில்லை. ஆனால் பதினான்கு ஆண்டுகள் அந்த வீட்டுக்கு வந்து உணவுண்டு, கூட்டங்கள் நடத்தி, அறிக்கைகள் எழுதிச் சென்ற தோழர்கள் எத்தனை பேர்! அவெலிங் எடுத்த பணத்தைப் பற்றி இயக்கம் விசாரணை நடத்தியது. அவ்வீட்டிலே ஒரு பெண் என்ன நிலையில் இருக்கின்றாள் என்பதை எந்தக் குழுவும் தன் நிகழ்ச்சி நிரலிற் சேர்க்கவில்லை. அது சொந்த விஷயம் என்று விடப்பட்டது. 1886ஆம் ஆண்டுக் கட்டுரையிலே, வீட்டுக்குள் நடப்பது சொந்த விஷயமன்று, சமுதாய விஷயமே என்று எலினோர் வாதாடியிருந்தார். அக்கட்டுரையை அவர்கள் எல்லோரும் பாராட்டியிருந்தனர். எமது சங்கக் கிளைகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் இவ்வாறே விடப்படும் சொந்த விஷயங்கள் எத்தனை என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்ப்பாராக.

தகனத்துக்கு முன்னர் வோட்டர்லூப் புகையிரத நிலையத்திலே இரங்கற் கூட்டம் நடந்தது. அவெலிங்கும் பேசினார். வில் தோர்ண் பேச எழுந்து, அழுகை மேலிட்டுச் சொல் தடுமாறினார். நான்கு மாதங்களின் பின் அவெலிங்கும் இறந்தார். எலினோரின் அஸ்தியை வாங்கிச் செல்ல அவர் முன்வந்தாரல்லர். பழைய தோழர்கள் அதனை ஒரு சமதர்மக் கட்சியின் அலுவலகத்திலே வைத்தனர். கட்சி பெயர் மாறியது, பிளந்தது, கூடியது, இடம் பெயர்ந்தது; அஸ்திக் கலசமும் அலுமாரியிலிருந்து அலுமாரிக்கு உடன் சென்று, பிரித்தானியக் கொம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்தையும், பின்னர் இலண்டன் மார்க்ஸ் நினைவு நூல்நிலையத்தையும் அடைந்தது. அலுவலக மேசைகளில் மூலதனத்தின் ஆங்கிலப் பதிப்பு இருந்திருக்கும்.

1956ஆம் ஆண்டு ஹைகேற் மயானத்திலே மார்க்சின் புதிய சமாதி அமைக்கப்பட்டபோது, ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின், அக்கலசம் மண்ணுள் வைக்கப்பட்டது. பெருந்தலைச் சிலையின் கீழே பதித்துள்ள பளிங்குக் கல்லில் மார்க்ஸ், அவர் மனைவி, பேரக் குழந்தை ஒன்று, ஹெலன் டெமுத் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. இறுதியாக எலினோர் மார்க்ஸ். அடுத்து, கார்ல் மார்க்சின் மகள் என்றிருக்கின்றது. பிறெடெறிக் டெமுத் 1929வரை இலண்டனிலேயே வாழ்ந்து மறைந்தார். அந்தக் கல்லிலே அவர் பெயர் இல்லை.